மூன்றாவது சாக்கில் ஒரு சல்யூட்

ஆகஸ்ட் மாதம் பதினெட்டாம் தேதி, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். குளித்து, சவரம் செய்துகொண்டு, ஆறே காலுக்குச் சிராங்கூன் ரோட்டு மூலைக் கடையில் மூன்று இட்லி, ஒரு கோப்பி. ஏழு இருபதுக்கு ஸ்டேஷன். இரவு வந்த புகார்களில் நான்கை டைப் அடித்தேன். நாடா மங்கிப் போயிருந்ததால் மாற்றினேன். கண்டெடுத்த பொருள்கள் இரண்டு வந்தன: ஆண்கள் குடை ஒன்று, பெண்கள் செருப்பு ஒற்றைக்கால். பதிவேட்டில் ஏற்றி, சீட்டுக் கட்டி, அலமாரியில் வைத்தேன். பகல் ஒரு மணிக்கு மேசையைப் பூட்டினேன்.

நாட்குறிப்பில் இதுவரை நீல மை. அதற்குக் கீழே பென்சிலில் ஒரே வரி: "மூன்றரை. ஃபேரர் பார்க். கடைசி ஆட்டம்." பேனாவை ஸ்டேஷனிலேயே மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். பதினோரு வருட வேலையில் அதற்கு முன் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

ஆண்டைச் சொல்லப் போவதில்லை. அறுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் வருகிறவர்களில் சிலர் இன்னும் தேக்கா சந்தையில் காய்கறி வாங்க வருகிறார்கள். என்னை வழியில் நிறுத்திக் கேட்பார்கள்.

போன வாரம் இந்தப் பத்தியில் எழுதிய, லாக்கப் சாவி தொலைந்த கதையில் 'எங்கள் பேஸ்பால் அணி' என்று போகிறபோக்கில் ஒரு வார்த்தை எழுதிவிட்டேன். புக்கிட் பாத்தோக்கிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "கிரிக்கெட் என்றால் நம்புவேன், ஹாக்கி என்றாலும் நம்புவேன். நம் போலீஸ்காரர்கள் பேஸ்பாலா? அளக்காதீர்கள், ஐயா."

அளக்கவில்லை. ஸ்கோர் புத்தகம் என்னிடம் இருக்கிறது.

ஜோடி இல்லாத கையுறைகள்

அந்த அணி ஒரு கான்வாஸ் பையிலிருந்து பிறந்தது. ரேஸ் கோர்ஸ் ரோடு பஸ் நிறுத்தத்தில் யாரோ விட்டுப்போன பை. ஒரு கான்ஸ்டபிள் தூக்கிக்கொண்டு வந்து என் மேசைமேல் போட்டார். கண்டெடுத்த பொருள்களுக்குப் பொறுப்பு நான்தான். ஸ்டேஷனில் எல்லாருக்கும் என் பெயர் 'கிராணி', அதாவது குமாஸ்தா. சீருடை கிடையாது, டைப்ரைட்டரும் பதிவேடும்தான் ஆயுதம்.

பையைப் பிரித்து எழுதினேன்: "உருட்டுக்கட்டை, நீளமானது, இரண்டு. தைத்த பந்து, நான்கு. தோல் கையுறை, இடக்கை, ஒன்பது. வலக்கை ஜோடிகள் காணவில்லை."

காணாமல் போன அந்த ஒன்பது வலக்கைகளைத் தேடி அதே கான்ஸ்டபிளை மறுபடியும் பஸ் நிறுத்தத்துக்கு அனுப்பியவன் நான். அவர் சாக்கடைக்குள்ளும் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். பேஸ்பாலில் பந்து பிடிக்க ஒரு கைக்கு மட்டும்தான் உறை என்று பிறகு ஒரு புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பதிவேட்டில் அந்த வரியை அடித்துத் திருத்தவில்லை. எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும் என்பது என் கொள்கை.

குறித்த காலம் முடியும்வரை அறிவிப்புப் பலகையில் தாள் தொங்கியது. யாரும் வரவில்லை. முறைப்படி எழுதிக் கேட்டு, அனுமதி வாங்கி, பை ஸ்டேஷன் விளையாட்டுக் குழுவுக்கு வந்தது. விளையாட்டுக் குழுவில் யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது.

எனக்குச் சிறு வயதிலிருந்தே தடித்த கண்ணாடி. பந்து என்னை வந்து அடித்த பிறகுதான் வந்தது தெரியும். எந்த அணியிலும் என்னைச் சேர்த்ததில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தில் ஸ்கோர் எழுதுவதற்கென்றே பன்னிரண்டு பக்கம் இருந்தது. ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு குறி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு கோடு. படித்துக்கொண்டிருந்தபோதே தெரிந்துவிட்டது, இது என் ஆட்டம்.

மட்டையோடு ஓடியவர்

முதலில் வந்து சேர்ந்தவர் கான்ஸ்டபிள் வேலாயுதம். வேலு அண்ணன் என்போம். வயது முப்பத்தெட்டு. அந்த வருடம்தான் ஸ்டேஷன் கிரிக்கெட் அணியில் அவரை உட்கார வைத்தார்கள், அதற்கு முந்தின வருடம் ஹாக்கியில். தோள் மட்டும் இரும்பு. "எதையாச்சும் எறியணும் கிராணி, இல்லேன்னா தூக்கம் வரமாட்டேங்குது" என்றார்.

அடுத்து கார்ப்பரல் காதர். நாகூர்க்காரர். யாரையும் கேலி பேசாமல் ஒரு வேளைச் சாப்பாடு இறங்காது. அவரைத் தலைவராக்கினோம். கேலி பேசுகிறவர் தலைவராக இருந்தால் தோல்வி சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். அது சரியான முடிவுதான், தோல்விகள் நிறைய வந்தன.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டே வரி. திடலில் நான்கு மூலைகள். பந்தை அடித்துவிட்டு, ஒவ்வொரு மூலையாக ஓடி, புறப்பட்ட மூலைக்கே திரும்பி வந்தால் ஒரு புள்ளி. மூலையில் கால் இருக்கும்வரை பத்திரம். கால் எடுத்த நேரத்தில் எதிரணிக்காரர் பந்தோடு வந்து தொட்டால் அவுட். அந்த மூலைகளில் வைக்க எங்களிடம் ஒழுங்கான பேஸ் இல்லை. மரத்தூள் அடைத்த அரிசிச் சாக்குகளை வைத்தோம். அதனால் எங்கள் பாஷையில் அவை முதல் சாக்கு, இரண்டாவது சாக்கு, மூன்றாவது சாக்கு.

முதல் ஆட்டத்தில் வேலு அண்ணன் அருமையாக அடித்தார். அடித்ததும் கிரிக்கெட்டில் ஓடுவதுபோல் மட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடினார். முதல் சாக்கு வந்ததும் குனிந்து மட்டையால் அதைத் தொட்டார். கால் படவில்லை. அவுட்.

"மட்டைய கீழ போட்டுட்டு ஓடு லா!" என்று காதர் கத்தினார்.

"எப்படிப் போடுறது? அரசாங்கப் பொருள்!" என்றார் வேலு அண்ணன், முழு நம்பிக்கையோடு.

அவர் கையிலிருந்து மட்டையை இறக்க எங்களுக்கு மூன்று ஆட்டங்கள் பிடித்தன. அந்தப் பருவத்தில் ஏழு ஆட்டங்கள் ஆடினோம், ஏழிலும் தோற்றோம்.

ஏழாவது தோல்விக்கு அடுத்த திங்கட்கிழமை சூப்ரிண்டெண்ட் எங்களைக் கூப்பிட்டார். நியாயமான மனிதர், ஆனால் முகத்தில் சிரிப்பு என்ற பகுதி கிடையாது. "ஸ்டேஷன் பெயரில் ஆடுகிறீர்கள். சனிக்கிழமைகளில் பதினோரு பேரை உங்களுக்காகப் பணிப் பட்டியலிலிருந்து எடுக்கிறேன். இன்னும் ஓர் ஆட்டம் இருக்கிறது. அதில் ஜெயியுங்கள். இல்லையென்றால் பை ஸ்டோருக்குப் போகும், சனிக்கிழமை பணிப் பட்டியலுக்குத் திரும்பும்."

இதுதான் அந்தப் பதினெட்டாம் தேதியின் கணக்கு. ஒரு வெற்றி, இல்லையென்றால் ஒன்றும் இல்லை.

தொப்பி என் யோசனை

கடைசி ஆட்டத்துக்கு எங்களிடம் புதிதாக ஒன்று இருந்தது: தொப்பி.

மாலை வெயில் நேராகக் கண்ணில் விழும் திடல் அது. முந்தின ஆட்டத்தில் உயரமாக வந்த மூன்று பந்துகளை வெயிலில் தவறவிட்டிருந்தோம். என் குறிப்பில் மூன்றுக்கும் நேரம் எழுதியிருந்தேன்: ஐந்து இருபது, ஐந்து முப்பத்தைந்து, ஐந்து நாற்பது. பஃபலோ ரோட்டுத் தையற்காரரிடம் போய், முன்பக்கம் நீட்டிய நீலத் தொப்பிகள் தைத்துக்கொண்டு வந்தேன். எல்லாரும் போட்டுப் பார்த்து ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டார்கள். நானும் ஒன்று போட்டுக்கொண்டேன்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். போலீஸ் பயிற்சியில் முதல் மாதமே உடம்பில் ஏற்றிவிடும் பாடம் ஒன்று உண்டு. தலையில் தொப்பி இல்லாதபோது அதிகாரி வந்தால் விறைப்பாக நின்றால் போதும். தொப்பி இருந்தால் கை எழ வேண்டும். யோசித்துச் செய்கிற காரியமில்லை அது. கண் இமைப்பதுபோல.

கிரிக்கெட்டிலும் ஹாக்கியிலும் எங்கள் ஆட்கள் வெறுந்தலையோடுதான் ஆடினார்கள். அதனால் இந்தப் பிரச்சினை வந்ததே இல்லை. நான் சீருடை போடாத கிராணி. பயிற்சிக்குப் போகாதவன். எனக்குத் தோன்றவில்லை.

ஆறு பத்து

எதிரணி சீனப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து அமைத்தது. சுத்தமான ஆட்டக்காரர்கள், நல்ல மனிதர்கள். அவர்களுடைய தலைவர் லிம் மாஸ்டர், கணக்கு வாத்தியார், மூன்றாவது சாக்கைக் காத்து நிற்பவர்.

நான்கு மணிக்கு மழை வந்து நாற்பது நிமிடத்தைத் தின்றது. பிறகு திடலில் ஈரப் புல்லின் வாசனையும், ரோட்டோரக் கடையில் கச்சான் கடலை வறுக்கும் வாசனையும். பருவம் முழுக்க எங்களிடம் இல்லாத ஒன்று அன்று இருந்தது. தொப்பி நிழலில் பந்து தெளிவாகத் தெரிந்தது. ஒரு பந்தைக்கூட விடவில்லை.

கடைசிச் சுற்று. ஆசிரியர்கள் ஆடி முடித்துவிட்டார்கள். நான்குக்கு நான்கு. நாங்கள் அடிக்க வேண்டிய முறை, இரண்டு பேர் அவுட்; மூன்றாவது அவுட்டோடு முறை முடிந்துவிடும். வேலு அண்ணன் மூன்றாவது சாக்கில் நிற்கிறார். அவர் ஓடி வந்துவிட்டால் ஜெயித்தோம். மட்டை காதர் கையில்.

ஆறு பத்துக்கு ரோட்டோரத்தில் கறுப்புக் கார் நின்றது. சூப்ரிண்டெண்ட் இறங்கினார். முழுச் சீருடை, கக்கத்தில் பிரம்பு. மூன்றாவது சாக்குக்குப் பின்னால், கோட்டுக்கு மிக அருகே வந்து நின்றார்.

வேலு அண்ணன் அவரைப் பார்த்தார். சாக்கிலிருந்து இறங்கினார். ஓர் அடி முன்னால் வைத்து, இரண்டு குதிகாலையும் 'டக்'கென்று சேர்த்து, சல்யூட் அடித்தார்.

அவர் மட்டுமில்லை. காதர் மட்டையை இடக் கக்கத்தில் பிரம்பு மாதிரிச் செருகிக்கொண்டு சல்யூட் அடித்தார். பெஞ்சில் இருந்த எல்லாரும் எழுந்து சல்யூட் அடித்தார்கள்.

பந்து எறிய வேண்டிய இளம் ஆசிரியர் கையில் பந்தோடு விழித்தார். பிறகு ஆட்டம் என்ன சொல்லிக்கொடுத்ததோ அதைச் செய்தார். மூன்றாவது சாக்குக்கு எறிந்தார். லிம் மாஸ்டர் பிடித்து, சங்கடத்தோடு, வேலு அண்ணனின் தோளை மெதுவாகத் தொட்டார்.

"அவுட்" என்றார் நடுவர்.

சூப்ரிண்டெண்ட் இன்னும் பதில் சல்யூட் அடிக்கவில்லை. அதனால் வேலு அண்ணனின் கை நெற்றியிலேயே இருந்தது. அவர் அடித்த பிறகுதான் கையை இறக்கி, திரும்பி, "என்னா ஆச்சு?" என்று கேட்டார்.

"அழிக்காதீங்க"

நான் குறித்துவிட்டேன். மூன்றாவது அவுட். பென்சில் முனை தாளில் அழுந்தி உடைந்தது.

லிம் மாஸ்டர் நடுவரிடம் போனார். "இது வேண்டாம். அவர் ஆட்டத்தில் தப்புச் செய்யவில்லை, அதிகாரிக்கு மரியாதை செய்தார். அவர் திரும்பப் போய் நிற்கட்டும்."

நடுவர் யோசித்தார். "இரண்டு தலைவர்களும் ஒப்புக்கொண்டால் எனக்கு ஒன்றுமில்லை."

"ஒப்புக்கிட்டேன்!" என்றார் காதர், வாக்கியம் முடிவதற்குள். "வேலு, போய் நில்லு யா! சீக்கிரம், அவங்க மனசு மாறுறதுக்குள்ள!"

என் பென்சிலின் மறுமுனையில் சிவப்பு ரப்பர் இருந்தது. வாங்கிய நாளிலிருந்து அதை உபயோகித்ததில்லை. அன்று தாளில் வைத்தேன். இழுக்க வேண்டியதுதான் பாக்கி. பை ஸ்டோருக்குப் போகாது. சனிக்கிழமை எங்களுடையதாகவே இருக்கும். அனுமதி கொடுத்தவர் எதிரணித் தலைவர், ஏற்றுக்கொண்டவர் நடுவர். எல்லாம் முறைப்படிதான் இருந்தது.

"கிராணி, அழிக்காதீங்க."

வேலு அண்ணன் சாக்கு பக்கம் போகவில்லை. நான் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்த மேசைக்கு எதிரே வந்து நின்றார்.

"அண்ணே, அவங்களே குடுக்குறாங்க" என்றேன்.

"குடுக்குறாங்க. நான் வாங்க மாட்டேன். கால் எழும்பிச்சு. எழும்பினா அவுட்டு. ஏழு ஆட்டத்துல நம்ம பண்ண தப்பெல்லாம் நீங்க ஒண்ணு விடாம எழுதினீங்க. இதுவும் இருக்கட்டும்."

"டேய், பைய தூக்கிட்டுப் போயிருவாங்கடா!" காதரின் குரலில் முதல்முறையாகக் கேலி இல்லை.

"போனா போகட்டும். ஓசியில ஜெயிச்சுட்டு அந்தப் பைய எப்படித் தொடுறது?"

ரப்பரைத் தாளிலிருந்து எடுத்தேன். இன்றைக்கும் அந்த இடத்தில் மெல்லிய சிவப்புப் பொட்டு ஒன்று தெரிகிறது.

நடுவர் வானத்தைப் பார்த்தார். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. நான்குக்கு நான்கு, சமம் என்று அறிவித்தார்.

சூப்ரிண்டெண்ட் என்னிடம் வந்தார். "ஜெயித்தீர்களா?"

"இல்லை சார். சமம்."

"நான் ஜெயிக்கச் சொன்னேன்." பிறகு வேலு அண்ணனைப் பார்த்தார். "ஏன் சல்யூட் அடித்தாய்?"

"தலையில தொப்பி இருந்துச்சு சார்."

"அவர்கள் திருப்பித் தந்ததை ஏன் வாங்கவில்லை?"

"கால் எழும்பிச்சு சார்."

அவர் என் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். அந்தப் பக்கத்தை நிறைய நேரம் பார்த்தார். சிவப்புப் பொட்டையும் பார்த்தார் என்றே நினைக்கிறேன். பிறகு லிம் மாஸ்டரிடம், அடுத்த சனிக்கிழமை அவர்களுக்குச் சௌகரியப்படுமா என்று கேட்டார். படும் என்றார் அவர்.

"அப்படியானால் அடுத்த சனிக்கிழமை மறுபடியும் ஆடுங்கள். நிபந்தனை அதேதான். நானும் வருவேன்." கார் வரை போய்த் திரும்பினார். "சீருடையில்தான் வருவேன்."

கை வேலையாக இருந்தால்

கெர்பாவ் ரோட்டு டீக்கடையில் நானும் வேலு அண்ணனும் காதரும் உட்கார்ந்தோம். பரோட்டா ஆறியது.

"தொப்பிய கழட்டிருவோம். கதை முடிஞ்சுது லா" என்றார் காதர்.

"வெயில்ல மறுபடியும் பந்து விடுறதுக்கா? மாட்டேன். தொப்பியோடதான் ஆடணும்" என்றார் வேலு அண்ணன்.

"அப்ப அவர் வந்ததும் நீ மறுபடியும் கூத்தாடுவே. பதினெட்டு வருஷப் பழக்கம். ஒரு வாரத்துல போயிருமா?"

வேலு அண்ணன் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தார். சல்யூட் அடிக்காமல் விட்டால் ஒழுங்கீனம், அடித்தால் அவுட். நிலையான உத்தரவுகள் புத்தகத்தை எத்தனையோ முறை டைப் அடித்தவன் நான். பக்கம் பக்கமாக மனதில் புரட்டினேன். ஓரிடத்தில் நின்றேன்.

"அண்ணே, சந்தியில நின்னு வண்டிய நிறுத்திக்கிட்டிருக்கும்போது சூப்ரிண்டெண்ட் கார் வந்தா சல்யூட் அடிப்பீங்களா?"

"அப்ப எப்படி அடிக்கிறது? கை வேலையா இருக்கும். அடிக்கத் தேவையில்லை, சட்டமே இருக்கு."

"மூணாவது சாக்குல உங்க கை எங்க இருந்துச்சு?"

"சும்மா தொங்கிச்சு."

"அங்கதான் தப்பு. ரெண்டு கையையும் முட்டி மேல ஊனிக்கிட்டு நில்லுங்க. ஓடத் தயாரா இருக்குறவன் அப்படித்தான் நிப்பான், புத்தகத்துல படமே இருக்கு. கை வேலையா இருக்கும்."

காதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கிராணி, உனக்குள்ள இவ்வளவு திருட்டுத்தனமா?"

"சட்டம், பாய்" என்றேன்.

வேலு அண்ணன் ஆறிய பரோட்டாவைப் பிய்த்து வாயில் போட்டார். "காலையில ஏழு மணி. எல்லாரையும் வரச் சொல்லு."

என் அலமாரியில் இன்று ஆறு ஸ்கோர் புத்தகங்கள் இருக்கின்றன. முதல் புத்தகத்தில் அந்த நான்குக்கு நான்கு ஆட்டத்துக்குப் பிறகு ஒரே ஓர் ஆட்டம் எழுதியிருக்கிறது. மற்ற ஐந்து புத்தகங்களும் அதன் பிறகு வாங்கியவை. பை ஸ்டோருக்குப் போகவில்லை.

ஞாயிறு

ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி. ஐந்தரைக்கு எழுந்தேன். இட்லிக் கடைக்குப் போகவில்லை. ஸ்டேஷனுக்குப் போய் மறந்து வைத்த பேனாவை எடுத்துக்கொண்டேன். ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது திடலில் இருந்தேன். பதினோரு பேரும் வந்திருந்தார்கள், நீலத் தொப்பியோடு.

சூப்ரிண்டெண்டாக நடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. யாரோ ஓர் இன்ஸ்பெக்டரின் தொப்பியைக் கொண்டுவந்திருந்தார்கள். சீருடைக்குரியதை நான் அணியக் கூடாது என்று மறுத்துவிட்டேன். என் சொந்தக் குடையைப் பிரம்பு மாதிரிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கோட்டோரமாக விறைப்பாக நடந்து வந்தேன். "சூப்ரிண்டெண்ட் வர்றாரு!" என்று காதர் கத்தினார்.

முதல் தடவை நான்கு கைகள் எழுந்தன. குடைக்கு.

இரண்டாம் தடவை இரண்டு. மூன்றாம் தடவை வேலு அண்ணனின் கை மட்டும் காது வரை போய், அங்கே சொறிந்துவிட்டு இறங்கியது. "சொறியாதே லா, அதுவும் பாதி சல்யூட்டுதான்!" என்றார் காதர்.

ஏழாவது தடவை நான் அவர் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி வந்து நின்றேன். இரண்டு கைகளும் முட்டியில் ஊன்றியிருந்தன. இடது கால் சாக்கை அழுத்திக்கொண்டிருந்தது. தொண்டையைச் செருமினேன். குடையை ஆட்டினேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.